நானோ கோட்டிங் அடித்தால் கரண்ட் கூடுமா?

கே: மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. வீடு தேடி வந்த ஒருவர், 'நானோ கோட்டிங்' அடித்தால் உற்பத்தி 20 சதவீதம் கூடும் என்று அப்பாவிடம் 9,000 ரூபாய் வாங்கிப் போனார். மூன்று மாதமாக ஒரு யூனிட்கூட ஏறவில்லை. பேனலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுதான் மிச்சம். - தென்காசி

ப: முதலில் அப்பாவைத் திட்டாதீர்கள். ஏமாற்றியவன் மேல்தான் தப்பு. அவன் சொன்னது பொய் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். பூச்சே இல்லாத வெறும் கண்ணாடியின் முன்பக்கத்தில்கூட விழும் வெயிலில் சுமார் 4 சதவீதம்தான் தெறித்துத் திரும்புகிறது. அதை முழுசாகத் தடுத்தாலும் கிடைப்பது அந்த 4 தான், 20 எங்கிருந்து வரும்? அந்த 4-லும் பெரும்பகுதியை ஃபேக்டரியிலேயே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். இப்போது வரும் பெரும்பாலான பேனல்களின் கண்ணாடி மேல் நுண்துளை சிலிக்கா பூச்சு இருக்கிறது, தடிமன் நூற்றுச் சொச்சம் நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). உள்ளே, வெயிலை மின்சாரமாக்கும் செல் மேல் சிலிக்கான் நைட்ரைடு படலம், ஏறக்குறைய 75 நானோமீட்டர். செல்லுக்கு அந்தக் கருநீல நிறம் வருவதே அதனால்தான். டாப்கான் என்கிற புது வகைப் பேனலாக இருந்தால் செல்லின் பின்பக்கம் ஒன்றிரண்டு நானோமீட்டரில் ஓர் ஆக்சைடு படலமும் உண்டு. ஆக, அசல் நானோவுக்கு நீங்கள் பேனல் வாங்கிய அன்றே காசு கொடுத்துவிட்டீர்கள். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். உண்மையாக வேலை செய்த பேனல் கம்பெனிகள் திறன் எத்தனை சதவீதம், சூடு ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்று எண்ணாக அச்சடித்துத் தருகிறார்கள், இந்த டப்பாக்காரர்கள் வெறும் வார்த்தையை விற்கிறார்கள். நானும் இப்படி ஒரு டப்பா வாங்கி, பாதி பேனலுக்குப் பூசி மீதியை அப்படியே விட்டுப் பார்த்தேன். உற்பத்தியில் வித்தியாசமே இல்லை, பூசிய பாதியில் மட்டும் மழைக்குப் பிறகு சோப்பு நுரை காய்ந்த மாதிரி படலம்.

திட்டைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், ஃபேக்டரி பூச்சும் சேர்ந்து போய்விடும். எப்படி எடுப்பது, வாரண்டி நிற்குமா என்று பேனல் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கே: பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்கிற 'நானோ பவர் சேவர்' வாங்கலாமா? - ஈரோடு

ப: வேண்டாம். இந்த வகைப் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்இடியும்தான். வீட்டு பில்லை அதனால் குறைக்க முடியாது.

கே: 'கிராஃபீன் பேட்டரி' ஸ்கூட்டர் வாங்கினேன். எட்டே மாதத்தில் மைலேஜ் பாதியாகிவிட்டது. கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் பில் வாங்கவில்லை. - ஓசூர்

ப: தெரிந்தவர் என்றால் பில் கேட்கக் கூடாதா? இதை எத்தனை முறைதான் எழுதுவது! சீட்டைத் தூக்கிப் பாருங்கள். 12 வோல்ட் என்று எழுதிய கனமான கட்டைகள் நாலைந்து வரிசையாக இருந்தால் அது ஈய பேட்டரிதான். தகட்டில் கொஞ்சம் கிராஃபீன் (மிக மிக மெல்லிய கார்பன் தாள்) கலந்திருக்கலாம், அதனால் ஆயுள் ஓரளவு கூடவும் கூடலாம், ஆனாலும் அது லித்தியம் ஆகிவிடாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்கிற லித்தியம் பேட்டரியில்தான் நானோ நிஜமாகவே உழைக்கிறது. அந்தப் பொருளில் இயல்பாக மின்சாரம் சரியாக ஓடாது. துகளை நானோ அளவுக்குப் பொடித்து, மேலே கார்பன் பூசிய பிறகுதான் அது பேட்டரிக்கு ஆயிற்று. அதனால் அடுத்த முறை 'உள்ளே என்ன கெமிஸ்ட்ரி, எத்தனை சார்ஜுக்கு வாரண்டி' என்று கேளுங்கள். இப்போதைக்கு ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே போய் பில் கேளுங்கள்.

கே: பெரோவ்ஸ்கைட் பேனல் வரப்போகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா? - மதுரை

ப: பொறுக்க வேண்டாம். பெரோவ்ஸ்கைட் என்பது வெயிலை மின்சாரமாக்கும் ஒரு புது வகைப் பொருள். அதைச் சிலிக்கானோடு சேர்த்த பேனல் 2024-லேயே வெளிநாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது, ஆனால் ஈரமும் சூடும் அந்தப் பொருளுக்கு ஆகாது, நம் ஊர் மாடியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. அதற்குப் பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும்; கொட்டேஷனில் அதை எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.