பழைய சாவியை அழிக்கும் முன்

கேள்வி: பாயான் லெப்பாஸில் எங்கள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் என்கிரிப்ஷன் சாவிகளை (தரவைப் பூட்டித் திறக்கும் ரகசியக் குறியீடுகளை) பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போகிறார். சாவியை மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடலாமா? (வாசகர், பினாங்கு)

பதில்: மாற்றுங்கள், ஆனால் தயவுசெய்து இப்போதே அழித்துவிடாதீர்கள். பேக்கப் டேப்பில் இருக்கும் தரவு, அது பூட்டப்பட்ட பழைய சாவிக்குத்தான் திறக்கும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சாவி போய்விட்டால் டேப் கையில் இருந்தும் பயனில்லை. புதிதாகப் பூட்ட முடியாதபடி, திறக்க மட்டும் அனுமதித்துப் பழைய சாவியை வைத்திருங்கள்.

அடுத்து, அவர் கைக்கு எந்தச் சாவி போயிருக்கும் என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் சாவி இரண்டு அடுக்காக இருக்கும். தரவைப் பூட்டுவது தரவுச் சாவி; அதையே பூட்டி வைப்பது தலைமைச் சாவி. தலைமைச் சாவியை மாற்றுவது சுலபம்: ஏஇஎஸ்-256 என்ற பூட்டும் முறை என்றால் ஒவ்வொரு தரவுச் சாவியும் 32 பைட்தான், அவற்றை மறுபடி பூட்டினால் போதும். தரவுச் சாவியே நகலாகியிருந்தால் இது எதற்கும் உதவாது. டேட்டாபேஸ் முழுவதையும் புதிய தரவுச் சாவியில் மறுபடி பூட்டியாக வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

சாவி ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள்: கான்ஃபிக் ஃபைல், பேக்கப் ஸ்கிரிப்ட், பழைய விஎம் (மெய்நிகர் கணினி) ஸ்னாப்ஷாட், கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் மென்பொருள்). கிட்டில் அந்த வரியை நீக்கினாலும் முன்பு சேமித்த பதிப்பில் (கமிட்) அப்படியே இருக்கும். அப்படிக் கிடைத்த சாவி வெளியே போய்விட்டதாகவே கொள்ளுங்கள்.

தலைமைச் சாவியை எச்எஸ்எம் (சாவிகளைப் பாதுகாக்கவே செய்யப்பட்ட கருவி) கருவிக்குள் உருவாக்குங்கள். அதன் பேக்கப்பைத் திறக்கும் அதிகாரத்தை ஐந்து கார்டுகளாகப் பிரித்து, மூன்று சேர்ந்தால்தான் திறக்கும்படி அமையுங்கள். இரண்டு கார்டு பினாங்கில், இரண்டு கோலாலம்பூர் அலுவலகத்தில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். ஐந்தும் ஒரே அலமாரியில் இருந்தால் பிரித்ததற்கே அர்த்தமில்லை.

டேப்புகளின் காலம் முடிந்து அழிக்கும் நாள் வந்தாலும், முதலில் சாவியை முடக்கி மட்டும் வைத்து, யார் அதைக் கேட்டுத் தோற்கிறார்கள் என்று பயன்பாட்டுப் பதிவேட்டில் (log) கவனியுங்கள். அமேசானின் சாவி நிர்வாகச் சேவையான ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ்ஸில் அழிப்புக்குக் காத்திருக்கும் காலம் 7 முதல் 30 நாள். ஆண்டு இறுதிக் கணக்கை எடுக்கும் ஜாப் (தானாக ஓடும் நிரல்) வருடத்துக்கு ஒரு முறைதான் ஓடும். அந்த 30 நாளில் அது சாவியைத் தொடாமலே போகலாம். அதனால் ஒரு கணக்காண்டு முழுதும் முடக்கியே வைத்திருந்து, பிறகு அழியுங்கள்.