ஒரே டப்பா பெயின்ட், இரண்டு விதக் கோளாறு

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றியிருந்தபோது, வீல் ஹவுஸின் (படகை ஓட்டும் அறையின்) இரும்புக் கதவையும் புதிதாக வாங்கிய ஃபைபர் மூடியையும் நானே ஸ்ப்ரே அடித்தேன். இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் டூ-கே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட், விலையும் அதிகம். கதவு ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி வந்துவிட்டது, மூடியில் அம்மைத் தழும்பு போல அங்கங்கே குழி. பெயின்ட் போலியா? கடைக்காரரிடம் சண்டை போடலாமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சண்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரே டப்பா பெயின்ட் இரண்டு பொருளில் இரண்டு விதமாகக் கெட்டிருக்கிறது, அப்படியானால் தப்பு டப்பாவில் இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் மூடி. ஃபைபர் சாமான் அச்சிலிருந்து கழன்று வருவதற்காக அச்சில் மெழுகு பூசுவார்கள், அது புதுச் சாமானின் மேல் ஒட்டிக்கொண்டே வரும். மெழுகோ எண்ணெயோ இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காமல் விலகி ஓடும், அதுதான் குழி. நீங்கள் நேராக வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்திருப்பீர்கள், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அது மெழுகைக் கீறல்களுக்குள் இன்னும் அழுத்திவிடும். மெழுகு நீக்கும் தின்னரால் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும், அதுவும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்த கையோடு இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெட்ரோலில் துடைக்காதீர்கள், அதுவே ஒரு பிசுக்கை விட்டுப் போகும். அப்புறம் நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக இறங்கினால் சரி, முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் போகவில்லை. கம்ப்ரஸரில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் ஸ்ப்ரே கன் வழியே வந்தாலும் இதே குழி விழும் என்பதால் காலையில் டேங்கைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கதவு வேறு கதை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது அக்னி நட்சத்திர வெயில் நடுவில் வருகிறது. கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் இரும்பில் பெயின்ட் விழுந்தால் பரவிச் சமமாவதற்குள் தின்னர் பறந்துவிடும், துளிகள் விழுந்த வடிவிலேயே நின்றுவிடும். பெயின்ட் கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் குறைந்தாலும், கன்னை எட்டப் பிடித்தாலும் இதேதான். வெயில் காலத்துக்கென்று மெதுவாக உலரும் பியூ தின்னர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான) தின்னரைக் கலக்க வேண்டாம். கன் முனை கதவிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 6 முதல் 8 அங்குலத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிடப் பார்த்தால் வழியும், அதனால் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று, நடுவில் 10, 15 நிமிடம் விட்டு அடியுங்கள். முதலில் ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தொடுவது நல்லது (எங்கள் பெயின்டர் ஒருவர் 30 வருட அனுபவத்துக்குப் பிறகும் தகரத்தில்தான் தொடங்குவார்).

நேரமும் முக்கியம். விடியற்காலை ஈரம் இருக்கும்போது அடித்தால் ஹார்டனர் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து பளபளப்பு மங்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிட்டால் மணலும் உப்பும் வந்து ஒட்டும். பனி காய்ந்ததற்கும் காற்று எழும்புவதற்கும் நடுவில் நிழலில் முடித்துவிடுங்கள். அடிக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கான சரியான மாஸ்க் கிடைக்காவிட்டால் பிரஷ்ஷாலேயே அடித்துவிடலாம், படகு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கதவைக் காப்பாற்றலாம். ஒரு வாரம் நன்றாக இறுகட்டும், பிறகு 1200 நம்பர், அடுத்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் (பளபளப்பேற்றும் பசை) போடுங்கள். விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே மட்டும் கை இலேசாகப் போகட்டும். மூடிக்கு அந்த வழி இல்லை, குழி அடிவரை போயிருக்கும், எல்லாவற்றையும் உரித்து மெழுகு துடைப்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.