மணிக்காக நாலு பேரிடம் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் நாய் மணிக்கு ஆறு வயது. முந்தாநாள் சாயங்காலம் கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு ஓடி, வண்டியில் அடிபட்டுவிட்டான். இடுப்பெலும்பும் பின்னங்கால் தொடை எலும்பும் முறிந்திருக்கின்றன. டிரிப்ஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு அவர்கள் சொன்ன தொகை எங்கள் சக்திக்கு மீறியது. ஆன்லைனில் நிதி திரட்டலாம் என்கிறாள் மகள். ‘நாய்க்காகவா ஊரிடம் கையேந்துவது?’ என்கிறார் கணவர். என்ன செய்யட்டும் டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். இதே நிலையில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பணம் கேட்கும் முன்னால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நுரையீரல் எப்படி இருக்கிறது? சிறுநீர் சரியாகப் போகிறானா? வண்டியில் அடிபட்ட நாய்க்கு முதல் ஆபத்து பெரும்பாலும் எலும்பில் இல்லை. நுரையீரலில் பட்ட உள்காயம் அடிபட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மோசமாகலாம். அடிபட்டதில் மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். இவை சீராகும் வரை மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவோம். அதனால் எலும்பு ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் சில நாள் அவகாசம் கிடைக்கும். அந்த நாட்கள்தான் நீங்கள் பணம் புரட்டுவதற்கான நாட்கள். ரொம்பவும் தள்ளிப் போடக் கூடாது. தசை இறுகிவிட்டால் எலும்பை இழுத்துச் சேர்ப்பது கஷ்டம்.

அடுத்தது, செலவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்றைய சிகிச்சைக்கு எவ்வளவு, ஆபரேஷனுக்கு எவ்வளவு, அதன் பிறகு எவ்வளவு. இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவரிடம் மொத்தத் தொகையையும் ஒரே மூச்சில் வாயால் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பேனே டாக்டர்” என்று அழுதார். அதற்குள் நாய் போய்விட்டது. அன்று முதல் நான் தாளில் எழுதாமல் தொகை சொல்வதில்லை.

வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிவில், தொடை எலும்பு பொருந்தும் மூட்டுக் கிண்ணமும் எடை தாங்கும் பகுதியும் தப்பியிருந்தால், சில வாரம் கூண்டுக்குள் ஓடாமல் குதிக்காமல் வைத்திருக்கும் ஓய்விலேயே கூடிவிடுவது உண்டு. தொடை எலும்பு அப்படியில்லை. மேலே இருக்கும் இடுப்பு மூட்டை அசையாமல் நிறுத்த முடியாது என்பதால் மாவுக்கட்டு அதற்கு உதவாது. ‘கட்டுப் போட்டால் போதும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் மகளின் யோசனை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதலில் தெரிந்தவர்களிடம் நேரில், போனில் கேளுங்கள். நிதி திரட்டும் தளங்களில் பணம் கைக்கு வரச் சில நாளாகலாம்; கட்டணமும் பிடிக்கலாம். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொகையைத் தோராயமாகப் போடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் படமெடுத்துப் போட்டு, கையில் இருப்பது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று சொல்லுங்கள். ரத்தக் காயத்தைக் காட்டும் படம் வேண்டாம். பார்ப்பவர்கள் சட்டென்று கடந்து போய்விடுவார்கள். மணி வீட்டு வாசலில் நிற்கும் படம் ஒன்று, இப்போது படுத்திருக்கும் படம் ஒன்று போதும். ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேரடியாகக் கட்ட முடியுமென்றால் அதையே கொடுங்கள். சந்தேகப்பட யாருக்கும் இடமிருக்காது. பணம் மிஞ்சினாலோ, மணி பிழைக்காமல் போனாலோ என்ன செய்வீர்கள் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். எழுதக் கை வராது, தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய செலவையும் சேர்த்தே கேளுங்கள். எலும்பு கூடுகிறதா என்று பார்க்க 6 முதல் 8 வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். மாத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

உங்கள் கணவர் மீது கோபப்பட வேண்டாம். யாருக்கும் கடன்படாமல் வாழ்ந்தவருக்குக் கேட்பது வலிக்கும். கேட்கும் வேலையை நீங்களும் மகளும் பாருங்கள். யார் எவ்வளவு தந்தார்கள், எதற்குச் செலவானது என்று தினமும் கணக்கெழுதி, பில்லோடு எல்லோருக்கும் அனுப்பும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். போனில் இதைச் சொன்னபோது, “அவர் நோட்டு வாங்கிட்டு வந்துட்டார் டாக்டர்” என்றீர்கள். அந்த நோட்டின் முதல் வரியில் என் பங்கையும் எழுதச் சொல்லுங்கள்.