பகிர்ந்த கணக்குகளின் ஓடிபி: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து பேர் ஒரே விளம்பரக் கணக்கைக் கையாளுகிறோம். ஓடிபி செயலி மேலாளரின் கைபேசியில் மட்டும் இருப்பதால், அவர் விடுப்பெடுத்தால் வேலை நின்றுவிடுகிறது. கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் மென்பொருளான கடவுச்சொல் மேலாளரில் ஓடிபியையும் சேமிக்கலாமா?

பதில்: அந்தச் சேவை ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தருமானால், பகிர்வதையே தவிர்த்துவிடுங்கள். தராவிட்டால் சேமிக்கலாம், ஆனால் நீங்கள் சேமிப்பது ஓடிபியை அல்ல, அதன் விதையை. ஓடிபியை அமைக்கும்போது திரையில் வரும் க்யூஆர் குறியீட்டுக்குள் இருக்கும் ரகசியச் சாவியையும் அந்த நொடியின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே ஆறு இலக்க எண் பிறக்கிறது. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த இம்முறையில், வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். ஆகவே அந்தச் சாவி யாரிடமெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் அனைவரிடமும் எல்லா நாளைக்குமான ஓடிபிகளும் இருக்கின்றன. உங்கள் மேலாளர் அந்த விளம்பரக் கணக்கில் நுழைந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கும் அமைப்பை) நீக்கி மீண்டும் இயக்கினால் புதிய க்யூஆர் குறியீடு வரும். அதைக் கடவுச்சொல் மேலாளரில் குழுவினர் பகிரும் பெட்டகத்தில், அந்தக் கணக்குக்கான பதிவில் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருமுறை வெளியே போன சாவியைத் திரும்பப் பெற வழியே இல்லை.

கேள்வி: இருவர் ஒரே சமயத்தில் உள்நுழைந்தால், ஒருவருக்கு மட்டும் குறியீடு தவறு என்று வருகிறதே?

பதில்: அது கோளாறு அல்ல. ஒருமுறை ஏற்கப்பட்ட எண்ணை மறுமுறை ஏற்கக் கூடாது என்பது அந்த நெறிமுறையின் விதி. உங்கள் சக ஊழியர் 482 என்று தொடங்கும் எண்ணை உங்களுக்கு முன்பே தட்டிவிட்டால், அதே எண் உங்களுக்குப் பயன்படாது. அடுத்த எண் வரும்வரை பொறுத்திருங்கள். ஒருவருக்கு மட்டும் எப்போதுமே தவறு என்று வந்தால், அவருடைய கணினியின் கடிகாரம் பிசகியிருக்கக்கூடும். தானியங்கி நேர அமைப்பை இயக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுச் சென்றவரைப் பெட்டகத்திலிருந்து நீக்கிவிட்டோம். அது போதுமா?

பதில்: போதாது. பெட்டகத்திலிருந்து நீக்குவது இனிமேல் பார்ப்பதைத்தான் தடுக்கும். ஏற்கனவே நகலெடுத்ததை அழிக்காது. கடவுச்சொல்லை மறைக்கும் அமைப்பு இருந்ததே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது, ஏனெனில் உலாவிக்குள் நிரப்பப்பட்ட சொல்லை முயன்றால் எடுத்துவிடலாம். எனவே அவர் பயன்படுத்திய ஒவ்வொரு பகிர்ந்த கணக்கிலும் கடவுச்சொல்லை மாற்றி, ஓடிபியைப் புதிதாக அமைத்து, எந்தக் கருவியிலும் திறந்திருக்கும் உள்நுழைவுகள் அனைத்தையும் வெளியேற்றுங்கள். நல்லபடியாக விடைபெற்றவருக்கும் இதையே செய்யுங்கள். எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்றால் யார் மனமும் புண்படாது. யாருக்கு எந்தப் பதிவில் அனுமதி இருந்தது என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் இவ்வேலை நாள் முழுவதையும் தின்றுவிடும்.

கேள்வி: கடவுச்சொல்லும் ஓடிபியும் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டு பூட்டின் சாவியையும் ஒரே கொத்தில் கோத்ததாகாதா?

பதில்: ஓரளவு உண்மைதான். வேறெங்கோ கசிந்த கடவுச்சொல்லைக் கொண்டு நுழைய முயல்பவரை அப்போதும் ஓடிபி தடுக்கும். பெட்டகத்தையே உடைத்தவரைத் தடுக்காது. ஆதலால் வங்கி, நிறுவன மின்னஞ்சலின் நிர்வாகக் கணக்கு போன்றவற்றின் ஓடிபியை வெளியே, முடிந்தால் பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு வன்பொருள் கருவியில் வையுங்கள். பெட்டகத்தைத் திறப்பதற்கான ஓடிபியை அதே பெட்டகத்துக்குள் மட்டும் வைத்தவர்கள், கைபேசி தொலைந்த அன்றுதான் அதை உணர்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. போலித் தளத்தில் தட்டிய ஓடிபியை மோசடிக்காரர் அந்த 30 விநாடிக்குள் உண்மைத் தளத்தில் பயன்படுத்திவிட முடியும். முகவரி பொருந்தாத பக்கத்தில் கடவுச்சொல் மேலாளர் தானாக எதையும் நிரப்பாது. எனவே நிரப்பாத இடத்தில் கையால் நகலெடுத்து ஒட்டுவதற்கு முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கேள்வி: ஓடிபி கிடைக்காதபோது அதற்குப் பதிலாகப் பயன்படும் மீட்புக் குறியீடுகளை எங்கே வைப்பது?

பதில்: ஓடிபி உள்ள பதிவிலேயே வைக்காதீர்கள். அச்சிட்டு உறையிலிட்டு, இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்த பூட்டிய பெட்டியில் வையுங்கள். பயன்படுத்திய குறியீட்டைப் பேனாவால் அடித்து, தேதியைக் குறித்துவிடுங்கள். ஓடிபியைப் புதிதாக அமைக்கும்போது குறியீடுகளையும் புதிதாகப் பெற்று, பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.