இன்னொரு தீயணைப்பு வண்டியா, வண்டியில் ஏற ஆட்களா?

கேள்வி: மாதவரம் பக்கம் எங்கள் குடியிருப்பு. தனி வீடுகள் இருந்த தெருக்களில் இப்போது வரிசையாக அடுக்குமாடிகள், பின்னாலேயே குடோன்கள். தீயணைப்பு நிலையத்துக்குக் கூடுதல் வண்டி கேட்டு மாநகராட்சி ஆணையருக்கு நலச்சங்கம் சார்பில் மனு கொடுக்க இருக்கிறோம். சொத்து வரி அவர்களிடம்தானே கட்டுகிறோம்? மனுவில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முகவரியும் மாற வேண்டும், கோரிக்கையும் மாற வேண்டும்.

முதலில் முகவரி. அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது மாநில அரசுப் பணி. துறை உள்துறையின் கீழ் வருகிறது. சம்பளம், டீசல், பராமரிப்பு எல்லாம் சட்டமன்றத்தில் நிறைவேறும் மானியக் கோரிக்கை (துறைவாரியான செலவு ஒதுக்கீடு) எண் 23-லிருந்து வருபவை. 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றும் உள்ளே வந்தன. வரி போய்ச் சேரும் இடம் மாறியது. ஆனால் அந்த வரிக்கும் நிலையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எனவே மனு தீயணைப்புத் துறை இயக்குநருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் போகட்டும். நகல் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும்.

அடுத்தது கோரிக்கை. வண்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதற்குப் பணம் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 2023-ல் ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாயில் மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்தும் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். கட்டடம், வண்டி, கருவிகள், பயிற்சி மையம் இவற்றுக்கான பணம் அது. மாதச் சம்பளம் மாநிலத்தின் தலையில்தான். ஆகவே வண்டி வந்து, ஏற ஆளில்லாமல் ஷெட்டில் நிற்கும் நிலை எளிதில் உண்டாகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு வண்டிக்குத் தலைமை ஏற்பவர், ஓட்டுநர், தீயணைப்போர் நால்வர் என ஆறு பேர் வேண்டும். ஒரே ஓர் இருக்கையை ஆண்டு முழுக்க நிரப்ப 8,760 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டில், வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி போக ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மணி நேரம் கொடுப்பார். அப்படியானால் இருக்கைக்கு நான்கு பேர், வண்டிக்கு 24 அல்லது 25 பேர். ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் ஓய்வு என்று ஓட்டினால் இரண்டு அணிக்குப் பன்னிரண்டு பேரும், விடுப்பை ஈடுகட்ட இரண்டு மூன்று பேரும் போதும் என்று காகிதத்தில் வரும். அந்தப் பதினைந்தில் மூன்று இடம் காலி, இரண்டு பேர் அயற்பணி (வேறு இடத்துக்கு அனுப்பப்பட்ட பணி), ஒருவர் மருத்துவ விடுப்பு என்று வைத்தால் மிஞ்சுவது ஒன்பது. அணிக்கு நான்கு அல்லது ஐந்து பேர்.

நான்கு பேரோடு வண்டி வந்தால் என்ன ஆகும்? ஓட்டுநர் பம்ப்பை விட்டு நகர முடியாது. தலைமை ஏற்றவர் நிலைமையைக் கவனிக்க வேண்டும். மீதி இருவர் ஹோஸ் பிடிப்பார்கள். புகைக்குள் மூச்சுக்கருவி மாட்டி நுழைவது எப்போதும் ஜோடியாகத்தான். வெளியே இன்னொரு ஜோடி தயாராக நிற்க வேண்டும். அந்த ஜோடிகளுக்கு ஆளே இல்லை. மாடியில் சிக்கியவரை மீட்க அடுத்த நிலைய வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இது தீயணைப்போரின் உயிர்ப் பிரச்சினையும்கூட. 2017-ல் கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்போர் இறந்ததை வட சென்னை மறந்திருக்காது.

மனு எழுதுமுன் ஆதாரம் சேருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். உங்கள் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவிவாரியாக எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை, அயற்பணியில் இருப்போர் எத்தனை என்று கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் ஒவ்வோர் அழைப்புக்கும் தகவல் வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் கேளுங்கள். "ஏன் ஆள் போடவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். காரணமும் கருத்தும் தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்த மூன்று நேரங்களில்தான் விஷயமே இருக்கிறது. தகவல் வந்ததற்கும் புறப்பட்டதற்கும் இடையே நேரம் போகிறது என்றால் ஆள் பற்றாக்குறை, அல்லது வண்டி வேறு அழைப்பில் இருக்கிறது. புறப்பட்டதற்கும் சேர்ந்ததற்கும் இடையே போகிறது என்றால் மணலி விரைவுச் சாலையின் கன்டெய்னர் வரிசை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், மழை நாளில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவை காரணம். முதலாவதற்குப் பணியிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு ஆளைக் கூட்டினால் பயனில்லை. தடைக்கு இந்தப் பக்கம் இன்னொரு நிலையம் வேண்டும். நகரத் திட்டமிடல் வழிகாட்டி நெறிகள் 2 லட்சம் பேருக்கு ஒரு நிலையம் என்கின்றன. உங்கள் வார்டுகளின் மக்கள்தொகையைக் கூட்டிப் பக்கத்தில் எழுதுங்கள்.

புது நிலையம் என்றால் மாநகராட்சியின் பங்கு அங்கேதான் வருகிறது: நிலம். பூங்காவுக்கு ஒதுக்கிய திறந்தவெளி நிலத்தையோ ஏரிப் புறம்போக்கையோ காட்டாதீர்கள், கோப்பு அதோடு நின்றுவிடும். பெரிய வண்டி திரும்பி வெளியேறும் அகலச் சாலையில், சர்வே எண்ணோடு மாநகராட்சிக்குச் சொந்தமான இடத்தைச் சுட்டுங்கள்.

நேரமும் முக்கியம். பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. துறையின் முன்மொழிவுகள் அதற்குப் பல மாதம் முன்பே தயாராகும். செப்டம்பருக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பணியிடம் ஒப்புதல் ஆனாலும் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தி, பயிற்சி முடிந்து ஆள் நிலையத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் பிடிக்கும். 108 ஆம்புலன்ஸ் சுகாதாரத் துறையுடையது. அதை இதே மனுவில் கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

அதுவரை உங்கள் கட்டடத்தைப் பாருங்கள். சாதாரண வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 225 லிட்டர் போகும் இரண்டு ஹோஸைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேட் அருகே சிவப்புக் குழாயில் வண்டியை இணைக்கும் 63 மி.மீ. வாய் இருக்கிறதே, அதன் மூடியைத் திறந்து வாய் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாய்க்கு முன்னால் பைக் நிறுத்த விடாதீர்கள்.