ராமநாதபுரம் மாவட்டத்தில் பவளப்பாறை இருப்பது உண்மையா? ராமேஸ்வரத்தில் கலங்கல் தண்ணீரைத்தான் பார்த்தோம். அந்தமானுக்கே போய்விடலாமா?

தாராளமாக அந்தமானுக்குப் போங்கள், யார் தடுத்தது? ஆனால் "இருப்பது உண்மையா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பாம்பன் பக்கத்துக்காரன்.

நீங்கள் அரையாண்டு விடுமுறையில் வந்திருப்பீர்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, இருபத்திரண்டு தீர்த்தம், அப்புறம் வேனில் தனுஷ்கோடி. முழங்கால் தண்ணீரில் நின்று எட்டிப் பார்த்தால் பவளப்பாறை தெரியாது சார். டிசம்பரில் வாடைக்காற்று அடிக்கும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைந்த கடல். காற்று அடித்தால் அடியில் கிடக்கிற சேறெல்லாம் மேலே வந்துவிடும். தென்கடலான மன்னார் வளைகுடாவைக் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வைகாசியிலிருந்து புரட்டி எடுக்கும். அப்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். எங்கள் ஊரில் வடகடலைப் பெண்கடல், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். எந்த மாதம், எந்தக் கடல் என்று தெரியாமல் வந்துவிட்டு ஊரைக் குறை சொன்னால் எப்படி?

தென்கடலில் ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள். சிங்கிலி, குருசடை, புள்ளிவாசல், மனோலி, முசல் என்று மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரைக்கு எதிரே ஏழு, மிச்சம் வேம்பார், தூத்துக்குடிப் பக்கம். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பார்கள் (பவளப்பாறையை எங்கள் ஊரில் பார் என்போம்). வடகடலிலும் கரையை ஒட்டிப் பார் உண்டு. 1986-ல் 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் இருக்கின்றன. நான் அடித்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாகத் தேடிப் பார்க்கலாம்.

வேலை பார்க்கிற இடத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உங்களைப் போலவே கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மார்ச் மாதம் ஊருக்கு அழைத்துவந்தேன். அத்தை மகனின் வள்ளத்தில் வடகடல் பக்கம், கரையை ஒட்டிய பாருக்குப் போனோம். (தேசியப் பூங்கா எல்லை தென்கடலில். நாங்கள் எந்தத் தீவிலும் இறங்கவில்லை. எழுதிவைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சட்டம் பேச யாராவது வருவார்கள்.) கண்ணாடியைப் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டவர் உடனே தலையைத் தூக்கி, "என்ன சத்தம் அது?" என்றார். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போல ஒரு சத்தம் அடியில் ஓயாமல் கேட்கும். அது சின்ன இறால் வகை ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டால் பார் உயிரோடு இருக்கிறது என்பான் மச்சான்.

அப்புறம் பார்த்தார். ஆள் உயரக் கல் ஒன்று, மஞ்சளும் பழுப்புமாக. மேலே குண்டூசித் தலை அளவுக் குழிகள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர். அது தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டிக்கொண்டே போகும், அதுதான் கல். பக்கத்தில் ஓரா மீன் கூட்டமாகப் பாசி மேய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் பார்த்துவிட்டு, "டிவியில் காட்டுகிற மாதிரி கலர் இல்லையே" என்றார். மச்சானுக்குக் கோபம். "கலர் வேணும்னா சார் டிவியே பாக்கட்டும் மாப்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு இன்ஜினைப் போட்டுவிட்டான்.

எங்கள் அத்தை கடற்பாசி எடுக்கப் போனவர். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு கட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார்கள். "பாசி பறிக்கிற பெண்கள்தான் பாரை அழித்தார்கள்" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று: மாதத்துக்கு 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அழித்தது யார் என்றால், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமாகக் கல் வெட்டிய தொழில்தான் முதல். பார் இல்லாவிட்டால் அலையை உடைக்க ஆள் இல்லை. கீழக்கரை வரிசையில் இருந்த பூவரசன்பட்டித் தீவு அப்படித்தான் தண்ணீருக்குள் போனது. தனுஷ்கோடியில் செல்பி எடுத்தீர்களே, அந்த இடிந்த சர்ச் சுவரை உற்றுப் பாருங்கள், பவளக்கல்லின் பூப்பூவான அச்சு தெரியும்.

இப்போதைய எமன் வெயில். தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவள உயிர் தனக்குள் குடிவைத்திருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதற்குச் சாப்பாடும் நிறமும் அந்தப் பாசிதான். 1998, 2010, 2016 மூன்று கோடையிலும் பெரிய அளவில் வெளுத்தது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். மான்கொம்பு போலக் கிளைத்த வகைகள்தான் முதலில் போகும், உருண்டைக் கல் தாங்கும். 2016-ல் அத்தை கரையேறி வந்து, "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்குடா" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் பேசவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனோம். நல்ல வேலை, நல்ல சம்பளம். ஊர் பெயரைக் கேட்டதும் பெண்ணின் பெரியப்பா, "ராம்நாடா? தண்ணியில்லாத காடாச்சே" என்று காபியைக் கையில் கொடுத்துப் பேச்சை முடித்துவிட்டார். ரெண்டு பக்கமும் கடல் உள்ள ஊர்க்காரனிடம்! குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தெருவிலும்தான் தண்ணீர் லாரி நின்றது.

சரி, வருவதாக இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாருங்கள். வனத்துறை படகில் குருசடை பக்கம் போகலாம். பாரின் மேல் காலை வைக்காதீர்கள். கடையில் பவளத் துண்டு கொடுத்தால் வாங்காதீர்கள், 2001-லிருந்து அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. படகுக்குப் பணம் கட்டும் முன் தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். "இன்னும் வாடை நிக்கல" என்று அவர் சொன்னால் அன்றைக்கு மண்டபத்தில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.