நாய் சலம் போக முக்குகிறது: முதலில் எக்ஸ்ரேயா, ஸ்கானா?

கோப்பாயில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆறு வயதுக் கடுவன், சலத்தோடு இரத்தம் வருகிறது, எக்ஸ்ரே, ஒலியலையால் பார்க்கிற ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்) இரண்டையும் எடுக்கக் காசு காணாது, எதை முதலில் எடுப்பது என்று. கடுவன் என்றால் எக்ஸ்ரே. அதுவும் வால் அடி வரைக்கும் படத்தில் விழவேண்டும்.

எங்கள் மணிக்குப் போன மாரியில் இதே கதைதான். கதியாலடியில் காலைத் தூக்கினபடியே நிற்பான், துளித் துளியாய்த்தான் வரும். ஸ்கான் செய்தோம். சலப்பை நிறைந்து ஊதியிருந்தது, உள்ளே கல்லு ஒன்றும் இல்லை. கிருமித்தொற்று என்று குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் அந்தப் பிராணி பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்குதில்லை. பிறகு பார்த்த டொக்டர் அவனைப் பக்கவாட்டில் கிடத்தி, பின்னங்கால் இரண்டையும் முன்னுக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். பயறு அளவில் இரண்டு கல்லு, ஆண்குறி எலும்புக்குப் பின்னால் இறுகிக் கிடந்தன.

கடுவன் நாயின் சலக்குழாய் அந்த எலும்பின் பள்ளத்துக்குள்ளால் போகிறது. அந்த இடத்தில் குழாய் விரிந்துகொடுக்காது. சலப்பையில் இருந்து வழுகி வந்த கல்லு அங்கேதான் சிக்கும். இடுப்பெலும்புக்குள்ளால் போகிற குழாயை ஸ்கானால் பார்க்க முடியாது, எலும்பு மறைத்துவிடும். காலை முன்னுக்கு இழுக்காவிட்டால் எக்ஸ்ரேயிலும் தொடையெலும்பு மேலே விழுந்து கல்லை மறைக்கும்.

எக்ஸ்ரேயும் எல்லாவற்றையும் காட்டாது. ஸ்ட்ரூவைட், கல்சியம் ஒக்சலேட் கல்லுகள் வெள்ளையாய்த் தெரியும். டல்மேஷன் நாய்களுக்கு வருகிற யூரேட் கல்லு பெரும்பாலும் தெரியாது, 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தவையும் தப்பிவிடும். சலப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதற்கு ஸ்கான்தான். யூரேட் கல்லும் சலப்பைக்குள் இருந்தால் அதில் நிழலோடு தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால், காசு சேர்த்து ஸ்கானும் செய்யுங்கள்.

சாயமருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே குழாயில் கிழிசல், ஒடுக்கம் பார்க்க நல்லது. சலப்பைக்குள் காற்று ஏற்றியும் எடுப்பார்கள். உங்கள் நாய்க்கு இரத்தம் போவதால் வெறும் காற்று வேண்டாம், குமிழி இரத்தக்குழாய்க்குள் போகலாம். காபனீரொட்சைட்டு ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். சீ.டி. ஸ்கானுக்கு மயக்கவேண்டும். பெட்டைக் குட்டி பிறந்ததில் இருந்தே சலம் ஒழுக்கினால், சிறுநீரகத்தில் இருந்து வருகிற குழாய் பிழையான இடத்தில் இணைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது பெரிதும் உதவும். உங்கள் கடுவனுக்கு இப்போது தேவையில்லை.

எக்ஸ்ரேக்கு முதல் நாய் மலம் கழித்திருக்கட்டும், குடலில் மலம் இருந்தால் சின்னக் கல்லு தெரியாது. ஸ்கானுக்குச் சலப்பையில் சலம் இருக்கவேண்டும். ஆனால் சலம் அறவே நின்றுவிட்டால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நேரமே கொண்டு ஓடுங்கள். மணிக்குக் குழாய் விட்டுத் தண்ணீர் அடித்துக் கல்லைத் திரும்பச் சலப்பைக்குள் தள்ளி, பிறகுதான் வெட்டி எடுத்தார்கள்.